கிராதிக்கு இந்தப் பக்கம்

அடுப்படி முக்காலியில் ஒரு முட்டைக்கோசு. அதன் தலையில் வெள்ளைத் துணி முக்காடு. எதிரே தரையில் குந்தியபடி என் வீட்டுக்காரர், கண்ணில் கேமராவை ஒட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி, பக்கத்து வீட்டுத் தகரக் கூரைகூடத் தெரியவில்லை. மத்தியானம் மூன்று மணிதான். அடுப்படிக்குள் அந்தி மாதிரி இருந்தது.

"மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பு" என்றார்.

"இதுல மூஞ்சி எதுங்க?"

"காம்பு இருக்கது பின்மண்டை. மத்தது மூஞ்சி."

திருப்பி வைத்தேன். முக்காடு நழுவியது. சரி செய்தேன்.

"ஒந் தங்கச்சியவிட இது சொன்ன பேச்சக் கேக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கேமரா ஆடி அந்தப் படம் வீணாய்ப் போனது. நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

எங்கள் மலை ஊரின் ஏரிக்கரையில் அவர் எடுத்த படங்களைப் பற்றித்தான் இந்தப் பத்திரிகையில் இத்தனை வாரமும் எழுதி வந்தேன். குதிரைமேல் ஏறி அலறும் பிள்ளைகள், புதுச் சால்வை போர்த்திய கல்யாண ஜோடிகள் என்று. ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். "எல்லாம் வெளியில் எடுத்ததாகவே இருக்கிறதே அம்மா, உள்ளே உங்கள் கணவர் படமே எடுத்ததில்லையா?"

ஃபிளாஷ் அடித்துக் கல்யாண வீடுகளில் எடுத்திருக்கிறார். அதை விடுங்கள். ஃபிளாஷ் இல்லாமல், உள்ளே இருக்கிற வெளிச்சத்தை மட்டும் நம்பி, ஒரே ஒரு முறை எடுத்தார். அதற்குத்தான் அந்த முட்டைக்கோசு. அந்தக் கதையில் என்னைத் தவிர உள்ள மூன்று பேரும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

அம்மா கேட்ட முகம்

என் தங்கை லூர்து என்னைவிடப் பத்து வயது இளையவள். இடுப்பில் வைத்து நான் வளர்த்த பிள்ளை. கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரி நடத்துகிற மடம் என்றால் அம்மா ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பாள். இவள் தேர்ந்தெடுத்தது கதவடைத்த மடம். உள்ளே போனால் போனதுதான், வெளியே வருவதில்லை. பார்க்கப் போகிறவர்களுக்கு இரும்புக் கம்பி, கம்பிக்குப் பின்னால் கறுப்புத் திரை. குரல் மட்டும் வரும்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த மடத்துக்கு நடக்கிற தூரம்தான். மடத்துக் கோயில் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்துக் கொடுக்கிற சோலி எனக்கு இருந்தது. அதனால் அம்மாவுக்கு என்மேல் கோபம். நான்தான் தங்கைக்கு அந்த வாசலைக் காட்டிக் கொடுத்தேனாம்.

அம்மா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டைகள் அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் வெங்காயம் பொறுக்குகிற வேலை பார்த்தாள். லூர்துவுக்கு அங்கி கொடுக்கிற நாள் முடிவானதும் சொல்லப் போனேன்.

"எம் புள்ளைய உசுரோட பொதைக்கிற எடத்துக்கு என்னையக் கூப்பிடாத" என்றாள். வெங்காயத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி வர பஸ் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பப் போகிற நேரம் அம்மா ஜன்னலோரம் வந்து நின்றாள். மூச்சிரைத்தது.

"ஏன்டி, அன்னைக்கு அவளக் கல்யாணப் பொண்ணு மாதிரி சோடிப்பாகளாமே, நெசமா?"

"ஆமாம்மா. பட்டுச்சேலை, தலையில பூமுடி, கையில மெழுகுவத்தி. பெறகுதான் முடிய வெட்டி அங்கி போடுவாங்க."

"ஒம் புருசன ஒரு போட்டா எடுக்கச் சொல்லு. மொகம் போதும். அவ சந்தோசமாத்தான் போறாளா, மனசில்லாமப் போறாளான்னு அந்த மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா?"

பஸ் நகர்ந்தது. "மொகம் தெளிவா விழணும்" என்று கூடவே நாலு எட்டு நடந்து வந்து சொன்னாள்.

அந்தக் கோலத்தில் அவளை வெளியே நிறுத்திப் படம் எடுக்க முடியாது. உள்வாசல் வழியாகக் கோயிலுக்குள் வருவாள், பூசை முடிந்ததும் அதே வாசல் வழியாக உள்ளே போய்விடுவாள். மடத்துப் பெரிய சிஸ்டரை நாங்கள் மதர் என்போம். மதர் திரைக்குப் பின்னாலிருந்து சம்மதம் சொன்னார்.

"படம் எடுக்கலாம். ஃபிளாஷ் கூடாது. ஓர் இடத்தில் நின்றது நின்றபடி எடுக்க வேண்டும். குறுக்கே நடக்கக் கூடாது."

உள்ளங்கை வெளிச்சம்

அவரிடம் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கிற பழைய பெட்டிக் கேமரா. ஏரிக்கரை வெயிலுக்கு அது ராசா. உள்ளே கொண்டு வந்தால் அதன் கண்ணாடியில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்தச் சமயம் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஜப்பான் கேமரா, கழற்றி மாட்டுகிற லென்ஸ் இரண்டு. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள் என்று நம்பிக் கொடுத்துவிட்டார். கேமராவும் ஒரு லென்ஸும் வாங்கத்தான் எங்களுக்கு வசதி. எந்த லென்ஸ் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூசணம் பூக்கும். அதனால் முதல் வேலையாக இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை குறைந்துகொண்டிருந்த காலம் அது. என்னிடம் சொல்லவில்லை. டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுவார், "கை நடுங்குது குளிருக்கு" என்பார். நானும் ஆமாங்க என்பேன்.

இரண்டு லென்ஸும் சுத்தமாக இருந்தன. கிணற்றுக்குள் பார்ப்பது மாதிரி இருந்தது.

"நீளமா இருக்கே, இதுல மொகம் கிட்ட வரும், பெருசா விழும். ஆனா வாய் சின்னது, வெளிச்சங் கொஞ்சமாத்தான் குடிக்கும். குட்டையா இருக்கது மொகத்தச் சின்னதாக் காட்டும். ஆனா வாயத் தெறந்தா அதவிட ஆறு மடங்கு குடிக்கும்" என்றார்.

நீளத்தில் 3.5 என்று எழுதியிருந்தது. குட்டையில் 1.4. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

"அப்ப மூணரைதானங்க பெருசு?"

"இதுல தலைகீழ்க் கணக்கு. சின்ன நம்பருக்குத்தான் பெரிய வாய்."

"நம்ம வீடு மாதிரி" என்றேன். அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்கும் சிரித்தார்.

வெளிச்சத்தை அளக்கிற கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஈரம் ஏறிச் செத்துப் போயிற்று. அதற்குப் பதில் என் கை. உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடிப்பேன். பொடிக் கோடுகள் வரை தெரிந்தால் கவலையில்லை. பெரிய மூன்று ரேகை மட்டும் தெரிந்தால் வெளிச்சம் குறைச்சல், ஆனாலும் நிதானமாக எடுத்துவிடலாம். அதுவும் கலங்கினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் சொல்வதை வைத்து அவர் திருகுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

துணி கொடுக்கப் போனபோது மடத்துக் கோயிலில் கையை நீட்டிப் பார்த்து வந்தேன். பூசை நேரத்துக்கு மூன்று ரேகைதான்.

முட்டைக்கோசுப் படங்களைக் கழுவி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டோம். நீள லென்ஸில் அது பூசணிக்காய் மாதிரி பெரிசாக விழுந்திருந்தது. ஆனால் வெளிச்சம் போதாமல் மெதுவாக எடுத்ததால் ஆடிப்போய், இரண்டு விளிம்பாகத் தெரிந்தது. குட்டை லென்ஸில் எலுமிச்சங்காய் அளவுதான். ஆனால் இலை நரம்பை எண்ணலாம்.

"நீ சொல்லு. எது?" என்றார்.

கல்யாணமாகி அத்தனை வருசத்தில் தொழில் விசயத்தில் என்னைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"குட்டையா இருக்கதுங்க. சின்னதா விழுந்தாலும் தெளிவா விழுந்தா, இருட்டறையில நாம பெருசாக்கிக்கலாம். பெருசா மங்கலா விழுந்தா என்ன செய்யிறது?"

"இத்தன நாளா ஒன்னைய வெறும் துணி தொவைக்க விட்டுட்டேன் ரோசம்மா" என்றார்.

பிறகு அந்த எலுமிச்சங்காய்ப் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். முன் இலை தெளிவு. பின்னால் இருந்த அரிசி டின் கரைந்து கிடந்தது.

"இதுக்கு ஒரு கொணம் இருக்கு. வாய முழுசாத் தெறந்தா ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குத்தான் தெளிவு. அதுக்கு முன்ன பின்ன நின்னா எல்லாம் கலங்கிரும். தூரம் கரெக்டா வைக்கணும்."

சொன்னார். நான் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒன்பது முடிச்சு

கேமராவில் கண் வைத்துத் தூரம் பிடிக்க, அரை இருட்டில் அவர் கண் ஒத்துழைக்காது. அதனால் ஒரு சணல் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டார். முதல் நாள் போய் அளந்து, லென்ஸில் அந்த அடியை வைத்து, நகராமல் பிளாஸ்திரி ஒட்டிவிடலாம். மறுநாள் கண்ணே தேவையில்லை, விரல் போதும்.

கோயிலில் மக்கள் இருக்கிற பக்கத்தையும் பீடத்தையும் பிரிக்கிற மரத் தடுப்பைக் கிராதி என்போம். அதில் ஒரு நீளத் துணி தொங்கும். லூர்துவின் நாளுக்கென்று அந்தத் துணியில் நானே கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும் தைத்திருந்தேன். கிராதிக்கு உள்ளே, பீடத்துப் பக்கம், அவள் முழங்கால் போட வேண்டிய பலகையை முதல் நாளே போட்டு வைத்திருந்தார்கள்.

அவர் மக்கள் பக்கத்துத் தூணோரம் கேமராவை நிறுத்திக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனை என் கையில். "போயி பலகைகிட்ட நில்லு" என்றார்.

நான் கிராதி வரை போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு குருவி உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. அதைப் பிடிக்கப் போகிறேன் என்று கிராதியைத் தாண்டி ஓடினேன். கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் என் காதைப் பிடித்துத் தூக்கி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, "பொம்பளப்புள்ள பீடத்தை மிதிச்சிருச்சு" என்றார். அம்மா வீட்டில் விறகால் அடித்தாள். அடி மறந்துவிட்டது. அத்தனை பேர் பார்த்தது மறக்கவில்லை. அதற்குப் பிறகு பீடத்துத் துணியை எத்தனையோ தடவை துவைத்திருக்கிறேன், பீடத்துப் பக்கம் ஓர் அடி வைத்ததில்லை. துணியைக் கிராதியிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்றைக்கு என்னைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. பக்கச் சுவரில் சிஸ்டர்மாரின் கறுப்புத் திரை மட்டும் தொங்கியது. அது லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்றாக இருக்கலாம்.

நான் கிராதியை ஒட்டி நின்று, கயிற்று முனையைத் துணியின்மேல் வைத்துப் பிடித்தேன். கயிறு விறைத்தது.

"உள்ள போயிட்டியா?" என்றார் பின்னாலிருந்து. அந்த மங்கலில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. "பலகைகிட்டதான நிக்கிற?"

"ம்" என்றேன்.

"ஒம்போது முடிச்சு" என்று சொல்லி லென்ஸைத் திருகினார். பிளாஸ்திரி ஒட்டுகிற சத்தம் கேட்டது.

வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். சாயங்காலம் சமைக்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால், ஏன் போகவில்லை என்பார். குருவிக் கதையைச் சொல்ல வேண்டும். இத்தனை வயசில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நாலடிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அவள் சிரித்தாள்

லூர்து உள்வாசலில் வந்தபோது எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அரக்குப் பட்டு, தலையில் வெள்ளைப் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. பலகையில் முழங்கால் போட்டு, மக்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். பல் தெரிய, கன்னம் குழிய, சின்ன வயசில் திருவிழாவில் ராட்டினம் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

பெண்கள் வரிசையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்துத் தூணோரம் கேமரா ஒரு தடவை 'டிக்' என்றது. அவர் குறி தப்பவில்லை. வெள்ளைப் பூமுடி திரும்பிய அசைவை வைத்து, சரியாக அந்த நொடியில்தான் அழுத்தினார்.

பிறகு கத்தரிக்கோல் சத்தம். பிறகு கதவுச் சத்தம்.

மறுநாள் காலையில் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டு, தாளைத் தட்டில் அமிழ்த்தினோம். மருந்தில் தாளை ஆட்டுவது என் வேலை. முதலில் எழுந்தது கோதுமைக் கதிர். பிறகு திராட்சை. நான் குத்திய ஒவ்வொரு தையலும், ஓர் இடத்தில் நூல் தீர்ந்து முடிச்சுப் போட்டிருந்தேன், அந்த முடிச்சும் எழுந்தது. அதற்கு மேலே பூமுடி பஞ்சு மாதிரி. அதற்குக் கீழே தண்ணீரில் பால் ஊற்றிய மாதிரி ஒரு முகம். கண் இருக்கிற இடத்தில் இரண்டு நிழல். வாய் இருக்கிற இடம் நடுங்குகிற மாதிரி ஒரு கோடு.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைத்தான் கேட்டார்.

"மொகம் வந்துருச்சா?"

"வந்துருக்குங்க."

"எப்படி?"

"கொஞ்சம்... கலங்கலா இருக்குங்க."

வேறு எது தெளிவாக இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் அங்கேயே எல்லாம் வெளிவந்திருக்கும். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங் கண்ணு போச்சு ரோசம்மா" என்றார். "பிளாஸ்திரி ஒட்டயில நம்பரத் தப்பா வச்சிருக்கேன். ஒண்ணக்கூட ஒழுங்காப் பாக்க முடியல."

அதற்குப் பிறகு அவர் உள்ளே படம் எடுக்கவில்லை. கல்யாணம், ஞானஸ்நானம் என்று யார் வந்து கேட்டாலும், "நமக்கு ஏரிக்கரையே போதும்" என்பார். நான் தேர்ந்தெடுத்த அந்த லென்ஸை அதன் தோல் உறையில் போட்டு, என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கிட்டங்கியில்

படத்தை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் போனேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, வெங்காய வாடை போக மறுபடி துடைத்து, பிறகுதான் வாங்கினாள். வெளிச்சத்துக்கு வந்து நின்று பார்த்தாள்.

"ஏன்டி, இவ அழுவுறா."

"இல்லம்மா. சிரிச்சா. நான் பாத்தேன்."

"சிரிச்ச மொகம் இப்படியா கரஞ்சு கெடக்கும்? கண்ணுல தண்ணி நெறஞ்சு மொகமே தெரியல பாரு."

"போட்டா அப்படி விழுந்துருச்சும்மா. தெளிவா விழல."

"தெளிவா விழலையா?" அம்மா விரலால் கீழே தட்டினாள். "துணியில தையலு தெரியுது. நூலு முடிச்சு தெரியுது. அதெல்லாம் தெளிவா விழும், எம் புள்ள மொகம் மட்டும் விழாதா? நான் வெங்காயத்துலயே கெடந்தவ, அழுத மொகம் எனக்குத் தெரியாதா? நீ என்னைய ஏமாத்தப் பேசுற."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. துணி தெளிவாக விழுந்ததற்கும் முகம் கலங்கியதற்கும் காரணம் ஒன்றுதான். அதை நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். "நான் கிராதியைத் தாண்டலம்மா, அங்கயே நின்னு பொய் சொல்லிட்டேன்." அவ்வளவுதான். கிட்டங்கியில் பத்துப் பெண்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலடியில் கிடந்த வெங்காயச் சருகை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"மனசில்லாமத்தான் போயிருக்கா" என்று அம்மா அவர்களிடம் படத்தைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருசம் இருந்தாள். தினமும் செபமாலை சொல்லும்போது, "அழுதுக்கிட்டே போன எம் புள்ளைக்கு" என்று ஒரு மணி தனியாக உருட்டுவாள். நான் போகும்போதெல்லாம் அது காதில் விழும். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அப்படித்தான் உருட்டினாள்.

இங்கே திரைக்குப் பின்னாலிருந்து லூர்து கேட்பாள், "அம்மா போட்டோவப் பாத்தாங்களாக்கா? என்ன சொன்னாங்க?"

"சந்தோசப்பட்டாங்க" என்பேன்.

"நான் சிரிச்சது விழுந்துருக்கா?"

"விழுந்துருக்கு."

அவள் அந்தப் பக்கம் சிரிப்பது கேட்கும். திரை இருந்ததால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சோடாப்புட்டிக் கண்ணாடி

அம்மா போய்ச் சில வருசம் கழித்து, பழனியில் கண்புரை எடுக்கிற முகாம் போட்டார்கள். என் வீட்டுக்காரரை வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்ணுக்கும் ஒன்றன் பின் ஒன்றாக ஆப்பரேசன் ஆகி, சோடாப்புட்டிக் கண்ணாடியோடு மலை ஏறி வந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் குழந்தை மாதிரி. "அந்தா குரங்கு. குட்டிய வயித்துல ஒட்டிக்கிட்டுப் போகுது பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்ப இத்தன முடி நரைச்சுச்சு?" என்றார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, "அந்தக் குட்ட லென்ஸ எடு. இனி உள்ளயும் எடுப்போம்" என்றார்.

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தோல் உறை பச்சை பூத்திருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஓரத்திலிருந்து நடு வரைக்கும் சிலந்தி வலை மாதிரி பூசணம். துடைத்தார். அது உள்ளே இருந்தது, துடைத்தால் போகாது.

கீழே வைத்துவிட்டு, "அந்தப் படமாச்சும் இருக்கா? எங் கண்ணு எவ்வளவு மோசமா இருந்துச்சுன்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றார்.

அம்மாவின் பெட்டியிலிருந்து திரும்பி வந்த படத்தைக் கொடுத்தேன். முகம் இருந்த இடத்தில் அம்மா தடவித் தடவி வெளுத்துப் போயிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார்.

"இந்தத் துணி நீ தச்சதுதான?"

"ஆமாங்க."

"நூலு நூலாத் தெரியுதே" என்றார்.

பூதக்கண்ணாடியைத் துணியிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து துணிக்கும் நகர்த்தினார். பிறகு எழுந்து, ஆணியில் அத்தனை வருசமாகத் தொங்கிக்கொண்டிருந்த சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்படியில் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் திரும்பி வந்தார். தலையிலும் சால்வையிலும் பனி நனைத்திருந்தது. கயிற்றை என் முன்னால் தரையில் நீட்டி வைத்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"கிராதியிலருந்து பலகை போட்டிருந்த எடத்துக்கு நாலு முடிச்சு ரோசம்மா. நாலே நாலு முடிச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குருவிக் கதையைச் சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்தபடியே இருந்தார்.

"எங் கண்ண விடு" என்றார். "அது எப்படியும் போகத்தான் போச்சு. அந்தக் கெழவிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? கயிறத் தள்ளிப் புடிச்சுட்டேன், லூர்து சிரிச்சுக்கிட்டுத்தான் போனான்னு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ம்" என்றுதான் வந்தது.